ஈப்போ கேரியர்

ஜனவரி 19

ஊர் வீட்டைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்களாம். பொங்கலுக்குப் போயிருந்தபோதே பேச்சு முடிந்திருந்தது என்று இன்றுதான் தெரிந்தது. பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. குடியிருக்க ஆளில்லை. ஓடு மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் போனையே எடுப்பதில்லை. விற்றது தப்பு என்று யாரிடமும் என்னால் சண்டை போட முடியாது. அழுகை மட்டும் வருகிறது.

ஜனவரி 20

அண்ணன் வீடியோ அனுப்பினார். முகப்பின் பர்மாத் தேக்குத் தூண்களைத் தரையில் கிடத்தியிருக்கிறார்கள். ஒருவர் டேப்பைச் சுற்றி அளந்து கன அடிக் கணக்கு சொல்கிறார். நிலைக்கதவு ஒருவருக்கு, உத்திரம் ஒருவருக்கு, ஆத்தங்குடிக் கல் இன்னொருவருக்கு. இரண்டாங்கட்டு அறைகளில் இருந்த சாமான்களை மட்டும் எண்ணிப் பார்க்காமல் மொத்தமாக ஒரு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஈப்போ எனாமல் கேரியர் அந்த அறைகளில் ஒன்றில்தான் இருந்தது.

பிப்ரவரி 3

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு, பழஞ்சாமான் கடைகள். காலையில் நுழைந்தவள் வெளியே வந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். வாசலிலேயே பித்தளை அண்டா, மரக்கால், முறுக்கு உரல், பல்லாங்குழி. உள்ளே சுவர் முழுக்க ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும். 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் இந்தியாவெங்கும் ஆயிரமாயிரமாகப் போயின. ஆனால் நம் பக்கத்து வீடுகளில் யாரோ உட்கார்ந்து அந்த அச்சுச் சேலைக்கு மேல் சரிகை ஒட்டி, சம்கி தைத்திருக்கிறார்கள். அச்சு ஒன்றேயானாலும் ஒரு வீட்டு லட்சுமி போல இன்னொரு வீட்டு லட்சுமி இல்லை. தைத்த கை யாருடையது என்று எந்தக் கடையிலும் எழுதி வைக்கவில்லை.

எனாமல் சாமான்கள் கடைசிக் கடையில் இருந்தன. ஸ்வீடனின் கோக்கும்ஸ் முத்திரை போட்ட கிண்ணங்கள், தட்டுகள், நீலமும் பச்சையுமாகக் கேரியர்கள். கடைக்காரர் விலை பேசவில்லை. முதல் கேள்வியே, “எந்த ஊரு ஆச்சி? விலாசம் என்ன?” என்பதுதான்.

எங்கள் வீட்டுச் சாமான்களில் போடும் விலாச எழுத்துகளைச் சொன்னேன். ஒவ்வொரு கேரியராகக் கவிழ்த்துக் காட்டினார். பித்தளையில் என்றால் உளியால் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டலாம். எனாமலில் உளி பட்டால் தெறித்துவிடும். அதனால் அடியில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அத்தனையும் வேறு வீட்டு எழுத்துகள். எங்களுடையது இல்லை.

“பேரு போட்ட சாமானை வெளியூர்க்காரவுக எடுக்க யோசிக்கிறாக. சில பேரு அழிச்சுட்டுத்தான் விக்கிறாக. நான் அழிக்கிறதில்லை.”

“ஏண்ணே?”

“தேடிக்கிட்டு வருவாகள்ல.”

பிப்ரவரி 4

தூக்கமில்லை.

பிப்ரவரி 16

இரவெல்லாம் போனில் ஏலம் பார்க்கிறேன். ‘செட்டிநாடு’ என்று தட்டினால் வந்து குவிகிறது. பாதி புதுச் சரக்கு. கல்லால் தட்டிச் சில்லு பெயர்த்து, தண்ணீரில் போட்டுத் துருப்பிடிக்க விட்டுப் பழசு என்கிறார்கள். பழைய சில்லில் இரும்பு கறுத்து, விளிம்பு மழுங்கியிருக்கும். புதுச் சில்லில் துரு செங்கல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். இதைக் கற்றுக்கொள்ள இத்தனை நாள் பிடித்தது.

பிப்ரவரி 17

இருக்கிறது. வடக்கே ஏதோ ஊரில் ஒருவர் ஏலத்துக்கு வைத்திருக்கிறார். அப்பத்தாவுடையது போலவே பச்சை, ரோஜாப் பூ, நான்கு அடுக்கு. மேலடுக்கு விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்குச் சில்லு. அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி எழுதினேன். கை நடுங்கியது.

பிப்ரவரி 21

படம் வந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். விளிம்போரம் சிவப்பாக ஒரு பொட்டு. எழுத்தின் மிச்சமா, பூவின் மிச்சமா, பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை.

பிப்ரவரி 26

வெளிநாட்டிலிருந்து யாரோ விலை ஏற்றுகிறார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இப்படிப்பட்ட சாமானை நூறு வயது ஆகியிருந்தால்தான் நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்கும். இதற்கு அந்த வயதில்லை. யாரும் கொண்டு போகலாம்.

மார்ச் 2

அப்பச்சியின் இரும்புப் பெட்டியைத் திறந்து, அப்பத்தாவின் கல்யாணச் சாமான் பட்டியலை எடுத்தேன். நீள நோட்டு, மை பழுத்துவிட்டது. வெள்ளிக் குடம், தோலா இவ்வளவு. வெண்கலப் பானை, சேர் இவ்வளவு. கரண்டி, விசிறி, பாய், தடுக்கு, ஊசிப்பெட்டி. ஒன்றைக்கூட விடவில்லை. பின்னால் பங்கு பிரித்தபோது யார் யாருக்கு எது என்று ஓரத்தில் வேறு கையெழுத்தில் குறித்திருக்கிறார்கள். கேரியர் இல்லை. இருக்கவும் முடியாது, அது கல்யாணத்துக்குப் பிறகு ஈப்போவில் வாங்கியது.

அத்தையிடம் போனில் கேட்டேன்.

“அது ஆத்தா சீட்டுப் பிடிச்ச காசுல வாங்குனதுடி. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போறப்பத் தூக்கிட்டுப் போவாக. ஊருக்குத் திரும்பி வர்றப்ப ரஜூலாக் கப்பல்ல கையை விட்டு இறக்கவே இல்லையாம். பெட்டி எல்லாம் சரக்கோட போச்சு, அது மட்டும் மடியில.”

ரஜூலா 1926இல் கட்டிய கப்பல். பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் எத்தனை குடும்பங்களை ஏற்றி இறக்கியிருக்கும்! அப்பத்தாவை வீட்டில் நான் பார்த்ததெல்லாம் பந்தியில், அடுப்படியில், மற்றவர்கள் பாத்திரங்களுக்கு நடுவே.

பட்டியலில் இல்லாததால் கேரியர் யார் பங்கிலும் வரவில்லை. பங்கில் வராததால் விற்கும்போது யாரும் கேட்கவில்லை.

அத்தை போனை வைக்கும் முன், “நீ என்னடி இப்ப அதைப் போயி…” என்றார்கள். முடிக்கவில்லை.

மார்ச் 5

ஏலம் முடிந்தது. கடைசி நிமிடத்தில் விலை என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அது எங்களுடையதா இல்லையா என்பதும் அதோடு போயிற்று. பெரியப்பச்சி மகன், “இனிமேலாவது நிம்மதியாத் தூங்கு” என்றான். அவன் மீது கோபம் வந்தது. அவனும் ஒரு புள்ளிதானே.

மார்ச் 14

பிப்ரவரியில் கடையில் எடுத்த படங்களை அழிக்க உட்கார்ந்தேன். யார் யாரோ வீட்டுக் கேரியர்களின் அடிப்பாகம். ஒன்றின் எழுத்துகளை எங்கோ பார்த்தாற்போல இருந்தது. மதிய வேளையில்தான் பிடிபட்டது: கல்லூரியில் என்னோடு படித்த வள்ளியின் பிறந்த வீட்டு விலாசம். அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கில் பார்த்திருக்கிறேன். பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் எண்ணை இன்னொருத்தியிடம் வாங்கிப் படத்தை அனுப்பினேன்.

கடைக்காரருக்கும் போன் செய்து, படத்திலிருந்த அந்த நீல மூன்றடுக்கைக் கொஞ்ச நாள் யாருக்கும் கொடுக்காமல் வைக்கச் சொன்னேன்.

“உங்களுதா ஆச்சி?”

“இல்லண்ணே. ஆனா யாருதுன்னு தெரியும்.”

முன்பணம் கேட்டார். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 15

வள்ளி இன்னும் பார்க்கவில்லை. மற்ற படங்களின் எழுத்துகளையும் தாளில் எழுதி அத்தைக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு வீட்டைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதுக்கு யோசிக்கிறார்கள்.