ஏழாவது சக்கரம்

கொழிஞ்சாம்பாறையில டேங்க் ஓட்டப் போறேன்.
பயந்துக்காதீங்க, சாப்பாட்டு மேசை மேலதான்.

1:72 அளவு. போர் விளையாட்டுக்கு எல்லாரும் ஷெர்மன், டைகர்னு கிட் வாங்கறாங்க. எனக்கு மட்டும் ஆவடியில செஞ்ச விஜயந்தாதான் வேணும். அதுக்குக் கிட் எங்க போய்த் தேட? நாமே செய்யலாம்னு உக்காந்து படிச்சா...

நம்ம ராணுவமே இந்த வேலையைப் பண்ணியிருக்கு!

1965ல வந்த விஜயந்தாவுக்கு 105 மி.மீ. பீரங்கி. பின்னாடி அதே வண்டியோட சுழல்கூண்டைக் கழட்டி, உடம்பை நீட்டி, பக்கத்துக்கு ஆறா இருந்த சக்கரத்தை ஏழாக்கி, சோவியத்தோட 130 மி.மீ. எம்-46 பீரங்கியைத் தூக்கி மேல வச்சுட்டாங்க. பேரு கேட்டபல்ட். தலைக்கு மேல ஒரு கூரை வேற.
வெட்டி ஒட்டற கோஷ்டிக்கே இவங்கதான் அப்பன்.

அப்பறம் என்ன, நானும் அதையே ஆரம்பிச்சுட்டேன்.
உடம்புக்கு ஃப்ளெக்ஸ் கடையில வீசுன சன்போர்டு. குழாய்க்குப் பேனா ரீஃபில். அந்தக் குழாய் முனையில மிளகுத்தூள் டப்பா மாதிரி சுத்தியும் ஓட்டை இருக்கும். சூடு காட்டுன ஊசியில அதைப் போடறதுக்குள்ள கண்ணு பூத்துருச்சு.
சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். அளவு அச்சா பொருந்துதுங்க!

"ஏங்கண்ணு, சட்டைக்கு யாரு பொத்தான் தைக்கறது?"ன்னு அம்மா.
இந்த வயசுல என்ன சொல்ல?
நாட்டுப் பாதுகாப்புன்னுட்டேன்.

பின்பக்கம் மட்டும் பிடிபடல. பீரங்கிப் படையில இருந்த மாமா, சித்தப்பா யாராச்சும் உங்க வீட்ல இருக்காங்களா? கேட்டபல்ட்ல குண்டு போடறவர் எந்தப் பக்கம் நிப்பாருன்னு கேட்டுச் சொல்லுங்களேன்?