தந்தையர் வாழ்ந்த துறைமுகம்

கடல் கடந்து பொருளீட்டச் சென்றோரின் பிள்ளைகள், பல்லாண்டுகளுக்குப் பின் பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குச் செல்லும்போது, கடிதங்களின் வழியாகவும் அனுப்பப்பட்ட பணத்தின் வழியாகவும் மட்டுமே வீட்டார் அறிந்திருந்த ஒரு வாழ்க்கை, நடந்து பார்க்கக்கூடிய தெருக்களாக அவர்கள்முன் விரிகிறது.

‘ரஜுலா’, பின்னர் ‘சிதம்பரம்’ ஆகிய கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கியோருள் பலர் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்தனர். வேறு சிலர், நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய ‘கிட்டங்கி’களில், அதாவது தொழிலிடமும் உறைவிடமும் ஒன்றாய் அமைந்த நீண்ட கட்டடங்களில், ‘அடுத்தாள்’ எனப்பட்ட உதவியாளராய் இருந்து, பகலில் கணக்கெழுதிய கூடத்திலேயே இரவில் உறங்கினர். 1801-இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் அவர்களுக்கு ஊர்ப்பற்றையும் உறவையும் காத்துத் தந்தன.

2008-இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுத் தலமாக அறிவித்ததால் கட்டடங்களுக்குக் காப்புக் கிடைத்துள்ளது. ஆனால் அவற்றுள் இளமையைக் கழித்தோரின் நினைவுகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆதலின், பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் வாழ்ந்த தெருவையும் செய்த வேலையையும் உடன் தங்கியோரையும் கேட்டு எழுதிவைப்பது, அந்நகருக்குப் பயணம் புறப்படுவதற்கு முன்பே பிள்ளைகள் ஆற்றவேண்டிய கடமையாகும்.