கடலுக்குள் ஒரு காடு

வேல்ஸின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவைப் பார்த்தபடி ஒரே தெருவாக நீளும் கிராமம் போர்த். என் சிறுவயது ஓகஸ்ட் விடுமுறைகள் அங்கே கூடாரத்தில்தான் கழிந்தன. அப்பா முளை அடித்து முடிப்பதற்குள் அம்மா காஸ் அடுப்பைக் காற்றுக்கு மறைத்துத் தேத்தண்ணி போட்டுவிடுவா. இரவில் மழை பிடித்தால் கூடாரத் துணியில் விரல் படக்கூடாது. பட்ட இடத்தால் தண்ணீர் இறங்கும்.

அப்பா பருத்தித்துறைக் கடலோடு வளர்ந்தவர். அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. போர்த்தில் அது நாலு மீட்டரைத் தாண்டும். முதல்தரம் பார்த்தபோது, "இதென்னடாப்பா, கடலைக் காணேல்லை!" என்றார். அதற்குப் பிறகு எங்கள் விடுமுறைக்குப் பஞ்சாங்கத்தில்தான் நாள் பார்த்தார். அமாவாசையோ பறுவமோ அந்தக் கிழமைக்குள் விழவேண்டும். அப்போதுதான் கடல் நன்றாக வற்றும், காடு தெரியும்.

உண்மையான காடுதான். ஓக், பைன், பேர்ச் மரங்களின் அடிக்கட்டைகள் வேரோடு, கறுப்பாக, மணலுக்கு மேலே வரும். ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போனவை. கடல்மட்டம் ஏற, நிலம் சதுப்பாகி மரங்கள் செத்தன. மக்கு மண் மூடிக் காற்றுப் புகாததால் உக்கவில்லை. பார்வைக்குக் கல். நகத்தால் அழுத்தினால் அவித்த பனங்கிழங்குபோல் உள்ளே இறங்கும்.

இதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கான்ட்ரெர் க்வைலோட் என்ற செழித்த நாடு அங்கே இருந்ததாம். மதகுக் காவலன் செய்தெனின் குடிவெறியில் கதவை மூடாமல் விட, ஓர் இரவில் கடல் கொண்டதாம். மணிமேகலை படித்த அம்மாவுக்கு இது புதினமில்லை.

"புகாரில ராசா இந்திரவிழாவை மறந்தான், இஞ்ச காவல்காரன் கதவை மறந்தான். கடலில பிழை சொல்ல ஒருத்தருமில்லை."

2012இல் அந்த மக்கு மண்ணில் மனிதர், விலங்குகளின் காலடித் தடங்களும், நெருப்பில் வெந்த கற்களும் கண்டெடுக்கப்பட்டன. எங்களுக்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யாரோ அங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். 2014 தொடக்கத்துப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போக, எங்கள் காலத்தில் நாங்கள் காணாத கட்டைகளும் வெளிவந்தன.

போகிறவர்கள் மழைக்கோட்டோடு ஒரு தமிழ் நாட்காட்டியும் கொண்டு போங்கள். அமாவாசையோ பறுவமோ கழிந்து ஓரிரு நாளில், மத்தியானம் திரும்பியதும் கரைக்கு வாருங்கள். பெருக்குத் தொடங்கினால் மட்டும் வேடிக்கை பார்த்து நிற்காதீர்கள். அந்தக் கடல் போனதைவிட வேகமாகத் திரும்பியதுபோல்தான் தெரியும்.