டேக்கு எங்க, கண்ணு?

அன்புள்ள நாமக்கல் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு,

நான் குடியிருக்கும் வாட்டர்லூ, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். இங்கே வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் அடையாள அட்டையை ‘வாட்கார்டு’ என்கிறார்கள். அதில் பணம் ஏற்றிச் சாப்பாடு வாங்கலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம், டவுன் பஸ்ஸில் தட்டிவிட்டு ஏறலாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இதுவே ‘டி கார்டு’. இரண்டும் நிர்வாகம் சூட்டிய பெயர்கள்தான், பிள்ளைகளும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நிர்வாகம் ‘டைகர்கார்டு’ என்று பெயர் வைத்தாலும் மாணவர் வாயில் அது ‘பிராக்ஸ்’. கதவருகே கொண்டுபோனால் உணர்ந்து திறக்கும் சிப்பின் பெயரைச் சுருக்கிவிட்டார்கள். ஆக்ஸ்போர்டில் ‘பாட் கார்டு’. அங்குள்ள பழம்பெரும் பாட்லியன் நூலகத்துக்கு உள்ளே விடும் அட்டை அது. சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் பலர் படிக்கும் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘மெட்ரிக் கார்டு’. சேர்க்கைப் பதிவைக் குறிக்கும் சொல்தான், ஆனால் நாமக்கல்காரர் காதில் விழுந்தால் எந்த மெட்ரிக் பள்ளியின் அட்டை என்றுதான் கேட்பார்.

திருச்செங்கோடு பக்கம் பொறியியல் படிக்கும் அண்ணன் மகளிடம் போனில் கேட்டேன். “ஐடி கார்டுதான் சித்தப்பா. ஆனா யாரும் அப்படிச் சொல்றதில்ல. டேக்குன்னுதான் சொல்லுவோம்” என்றாள். அட்டைக்கு அல்ல, அதைத் தொங்கவிடும் நாடாவுக்கு வைத்த பெயர் முழு அட்டையையும் விழுங்கிவிட்டது.

யோசித்தால் இது சரியான பெயர்தான். அட்டையை யார் படிக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தே பெயர் அமைகிறது. பிரின்ஸ்டனில் படிப்பது கதவு, ஆக்ஸ்போர்டில் நூலகம். நம் பக்கம் படிப்பவர் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். தூரத்திலிருந்து அவருக்கு நாடாவின் நிறம்தான் தெரியும், அட்டையின் எழுத்து தெரியாது. எத்தனையோ கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு நிறம், துறைக்கு ஒரு நிறம், ஹாஸ்டலருக்கும் டே ஸ்காலருக்கும் தனித்தனி நிறம். “டேக்கு எங்க, கண்ணு?” என்று அவர் கேட்டால் ஃபைன் கட்டத் தயாராக வேண்டியதுதான். பையன்கள் வம்பு செய்தால் ஆசிரியர் முதலில் கை வைப்பதும் அதில்தான்: “டேக்கக் கழட்டிக் குடு.”

நான் படித்த காலத்தில் சேலம் மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. நாமக்கல் தனி மாவட்டமானதும் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும் 1997இல்தான். அப்போது அடையாள அட்டை என்பது போட்டோ ஒட்டி, போட்டோ ஓரத்தில் முதல்வர் முத்திரை குத்திய மடிப்பு அட்டை. சட்டைப் பையில் பஸ் பாஸோடு கிடக்கும். கண்டக்டர் கேட்டால் எடுப்போம், அவ்வளவுதான். கழுத்துக்கு ஏறியது பிறகு. ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் எல்கேஜியிலேயே டேக் மாட்டிப் பழகிய பிள்ளைக்குக் கல்லூரியில் அது புதிதாகத் தெரிவதில்லை.

இதைக் கயிறு என்று மட்டும் பார்க்கவும் முடியவில்லை. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவரும், லாரியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்வருபவரும் மகளைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். அவள் கல்லூரிப் பஸ்ஸிலிருந்து டேக்கோடு இறங்கும்போது தெருவே பார்க்கிறது. நாளைக்குப் பெங்களூரு ஐடி கம்பெனியில் மாட்டப்போகும் டேக்குக்கு இது ஒத்திகை என்றே வீட்டில் நினைக்கிறார்கள். அதே பெண் சினிமாவுக்குப் போகும்போது முதலில் அதைக் கழற்றிப் பைக்குள் போடுகிறாள். பெருமைக்கும் கண்காணிப்புக்கும் ஒரே நாடா.

ஆனால் அந்த டேக் பெரிதாக எதையும் திறப்பதில்லை. பஸ் பாஸ் தனி, நூலக அட்டை தனி. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் தகுதியுள்ள மாணவ மாணவியருக்கு அரசிடமிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அதுவும் வங்கிக் கணக்குக்கு. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால் மாணவிகள் அங்கே எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. மீதமிருப்பது கேட் மட்டும்.

இங்கே வாட்கார்டு யார் கழுத்திலும் தொங்குவதை நான் பார்ப்பது அரிது. அதைத் தொலைத்தால் மாணவன் பதறுவது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும். நம் பிள்ளை டேக்கைத் தொலைத்தால் பதறுவது திட்டுக்கு. நம் டேக்கும் இரவு பத்து மணிக்கு நூலகக் கதவைத் திறந்துவிடட்டும், கேண்டீன் கணக்கை வைத்துக்கொள்ளட்டும், கல்லூரிப் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் அதை ஏற்கட்டும். அப்புறம் பிள்ளைகளே அதற்கு வேறு பேர் வைத்துக்கொள்வார்கள். நாடாவுக்கு வேலை குறையும், அட்டைக்கு வேலை கூடும்.

அன்புடன்,
வாட்டர்லூவிலிருந்து உங்கள் ஊர்க்காரன்