ஒரு பிடி மணல்

கன்னியாகுமரிக்குச் சென்று வருவோர் வர்ண மணலைப் பொட்டலமாக வாங்கி வருவது வெகு நாளைய வழக்கம். தேவியின் திருமணம் தடைப்பட்டதால் சமைக்காது போன அரிசியும் தானியமுமே அம்மணலாயின என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீட்டுக் குழந்தைகள் அதைக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பார்த்துப் பிரித்து விளையாடுவார்கள். ரசாயன சாஸ்திரமோ நிறத்தைப் பார்ப்பதில்லை, குணத்தைப் பார்க்கிறது.

1869-ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் மெண்டெலீவ் மூலகங்களை அணு எடைப்படி வரிசையாக நிறுத்தினார். ஒரே விதமான குணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் கண்டு, ஒத்த குணமுள்ளவற்றை ஒரே தொகுதியில் சேர்த்தார். பிற மூலகங்களுடன் கூடுவதற்கு உதவும் வெளி எலெக்ட்ரான்களின் ஒற்றுமையே இதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று.

நான்காம் தொகுதியை நேரில் காண விரும்புவோர் குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போகலாம். நாம் அங்கே ஒரு பிடி மணலை அள்ளினோம். சாதாரண மணலைவிடக் கனத்தது. அதிலுள்ள இல்மனைட் என்னும் கருமணலில் டைட்டானியம் இருக்கிறது. ஸிர்க்கான் மணிகளில் ஸிர்க்கோனியமும், அதனோடு சிறிதளவு ஹாஃப்னியமும் இருக்கின்றன. இந்த இரு சகோதரர்களின் குணம் அவ்வளவு ஒத்திருந்ததால், 1789-இல் மூத்தவர் வெளிப்பட்ட பின்பும் இளையவர் 1923 வரை ஒளிந்தே இருந்தார்!

மஞ்சள் நிற மோனஸைட்டில் உள்ள தோரியத்தின் கதை வேறு. நான்கு என்னும் கூடும் சக்தியைக் கண்டு, அதையும் இத்தொகுதியிலேயே வைத்திருந்தார்கள். அமெரிக்க அறிஞர் ஸீபார்க் 1945-இல் அதைப் பெயர்த்து, தனி வரிசையில், ஸீரியத்தின் கீழ் நிறுத்தினார். மோனஸைட்டிலோ தோரியமும் ஸீரியமும் என்றும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன! புதிய உண்மை தெரிந்தால் பழைய இடத்தை மாற்றத் தயங்காததே சாஸ்திரத்தின் பெருமை.

ஆனால் இம்மணலின் குணத்தை முதலில் கண்டுகொண்டவர் நம்மவர் அல்லர். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனஸைட்டைக் கண்டார். மேல்நாட்டுக் காஸ் விளக்குகளின் மாண்டில் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. நம் கரை மணல் கப்பலேறி அயலார் வீதிகளுக்கு ஒளி தந்தது.

இன்று மணவாளக்குறிச்சியில் மத்திய சர்க்காரின் மணல் ஆலை இருக்கிறது. தோரியம் கதிர் வீசும் பொருளாதலால், மணலைத் தோண்டுவது பற்றிக் கரையோர மக்களுக்குக் கவலையும் உண்டு. லாபத்தையும் அபாயத்தையும் அவர்களே எடை போட வேண்டுமானால், மூலகங்களின் குணம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணை பரீட்சைக்கு மட்டும் ஏற்பட்டதல்ல.