பேத்தி கொண்டு வந்த பிளக்

2025 நவம்பர் 13. மதியச் சாப்பாடு முடித்து டிவியைப் போட்டால், திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூர் பக்கம் ஒரு குட்டி விமானம் நடுரோட்டில் நிற்கிறது. சேலத்திலிருந்து வந்த பயிற்சி விமானமாம். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து நிமிடத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. போதும், வந்துடுன்னு சொல்லுங்க."

பேத்தியும் வேறொரு மாநிலத்தில் அதே செஸ்னா 172 விமானத்தில்தான் பயிற்சி எடுக்கிறாள். லைசென்சுக்கு வேண்டிய 200 மணி நேரத்தில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது.

பொங்கலுக்கு விருத்தாசலம் வந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவளோ பையிலிருந்து ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் கையில் வைத்தாள். "உங்க சாமான்தானே தாத்தா!"

முப்பது வருஷம் இந்த ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் சூளையோடு கிடந்தவன் நான். இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர் எல்லாம் 1250, 1300 டிகிரியில் வெந்துவிடும். பிளக்கின் நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கான் அலுமினா. அதற்கு 1600 டிகிரியாவது வேண்டும். நம் சூளைக்கு எட்டாத சரக்கு.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே கடுகு மாதிரி சாம்பல் நிற உருண்டைகள். ஈயம் என்றாள். விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள்; தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது பிளக்கில் படியும், பொறி விழாது. அதனால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. மேக்னெட்டோவும் இரண்டு. ஓடுபாதைக்குப் போகுமுன் 1700 சுற்றில் வைத்து ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார்கள். 125 சுற்றுக்கு மேல் இறங்கினால் அன்றைக்குப் பறப்பதில்லை.

"மேலே போனப்புறம் நின்னா?"

"கல்லு மாதிரி விழாது தாத்தா. அஞ்சாயிரம் அடியில நின்னா பதிமூணு கிலோமீட்டர் வரைக்கும் மிதந்து போகலாம். ஆறேழு நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள வயலோ ரோடோ பாத்துக்கணும்."

அப்புறம் குரலைத் தணித்தாள். டிசம்பரில் ஒரு விடியற்காலை, தனியாகப் பறக்கும்போது, எஞ்சின் சுற்று தானாக இறங்கியிருக்கிறது. 2400 இருந்தது 2100க்கு வந்துவிட்டது. கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி! நம் ஊர் வெயிலில் ஏது பனிக்கட்டி என்று கேட்டேன். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடுமாம். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே 38 டிகிரி இருந்தால்கூட உறையலாமாம். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். இத்தனை வருஷம் ஈரக் களிமண்ணைக் காயவைத்த எனக்கு இது தோன்றவில்லை.

சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு குமிழ் உண்டு. இழுத்தாள். எஞ்சின் முன்னைவிட மோசமாக உதறியது. உருகிய தண்ணீரை எஞ்சின் குடிக்கும் நேரம் அது. பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்களாம். இவள் தள்ளவில்லை. அரை நிமிஷம் இருக்கும் என்றாள். பிறகு சுற்று ஏறிவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை. அவள் ரயில் ஏறிய பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து வைக்கிற வயசு எனக்கு இல்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் போன். "அப்பா, அந்தச் சூடு பண்ற குமிழ் எந்தப் பக்கம் இருக்கும்?"

"திராட்டிலுக்கு இடது பக்கம்னு சொன்னா."

"கைக்கு எட்டுமா அவளுக்கு?"

எட்டும் என்றேன்.