ஒரே மீன்தான், குளம்தான் வேறு



"சேர், வலயா பிடிக்க என்ன இரை நல்லம்?" லீவு நெருங்கினால் எங்களிடம் வருகிற முதல் கேள்வி இதுதான். நாங்கள் பதுளைப் பக்கம் படிப்பிக்கிற நாலு ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒன்றாகத் தூண்டில் போடுகிறோம். இரையைச் சொல்லுமுன் நாங்கள் திருப்பிக் கேட்பது, "எந்தக் குளத்துக்குப் போறீங்க?" ஒரு குளத்தில் பலித்த வேலை அடுத்த குளத்தில் பலிக்காது. அதைத்தான் கொஞ்சம் விபரமாக எழுதுகிறோம்.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரம். எங்கள் தோட்டப்பக்கத்துத் தண்ணீரில் பெரும்பாலும் கிடைப்பது திலாப்பியாவும் கார்ப்பும். திலாப்பியாவே 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். மீசை மீன் வேண்டுமென்றால் மஹியங்கனைப் பக்கம் இறங்க வேண்டும். அங்கே முக்கியமாக மூன்று இனம். சிங்களத்தில் வலயா, ஹூங்கா, அங்குட்டா என்பார்கள். தமிழில் வாளை, சுங்கான், கெளிறு. மூன்றுக்கும் செதில் இல்லை. கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் மீசையாலும் மோப்பத்தாலும் இரை தேடும். செதில் இல்லாத மீன் ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் மீனுக்குச் செதில் ஒரு நிபந்தனை இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

முதலில் சொரபொர குளம். கற்பாறையை வெட்டி மதகு அமைத்த, அரசர் காலத்துக் குளம். ஓரமெல்லாம் தாமரையும் பாசியும். இங்கே ஈயம் கட்டி அடியில் போட்டால் இரை பாசிக்குள் புதைந்துவிடும், மீனுக்கு எட்டாது. அதனால் தக்கை கட்டி, இரையைப் பாசிக்கு மேலே தொங்கவிடுவோம். தாமரைக்கு நடுவே திறந்து கிடக்கும் இடைவெளிதான் இடம். வீசி அடிக்காமல் மெதுவாக இறக்க வேண்டும். வாளை கொத்தியதும் தாமரைத் தண்டுக்குள் ஓடப் பார்க்கும், ஆகவே தங்கூஸ் தடிப்பாக இருக்கட்டும். பொழுது சாயும் நேரம் நல்லது.

அடுத்தது உல்ஹிட்டிய, ரத்கிந்த இரட்டை நீர்த்தேக்கம். மகாவலித் திட்டத்தில் கட்டியது. மினிப்பேயிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. தண்ணீர் ஓடிவந்து விழும் இடத்தில் மீன் எதிர்நீச்சலில் முகம் கொடுத்து நிற்கும். இரையின் வாசம் ஓட்டத்தோடு அதைத் தேடிப் போகும்படி மேலே நின்று போட வேண்டும். உருண்டை ஈயம் ஓட்டத்தில் உருளும், தட்டை ஈயம் நிற்கும். அடியில் மூழ்கிய மரக்கட்டைகள் அதிகம் என்பதால் ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் தனியாகக் கட்டுங்கள். சிக்கினால் ஈயம் போகும், மீன் வரும். ஆனால் இது மாதுறு ஓயா பூங்காவை ஒட்டிய இடம். பொழுது சாய்ந்தால் கரை யானைக்குச் சொந்தம். நாங்கள் காலையில் மட்டும் போவோம், பூங்கா எல்லைக்குள் கால் வைப்பதில்லை.

மூன்றாவது எங்கள் மாகாண எல்லையில் இருக்கும் ரந்தெனிகல. அணைக்கட்டு மட்டும் 94 மீட்டர் உயரம். பெரிய மீன் ஆழத்தில் கிடக்கும் என்று பலர் நடுவிலே தூரமாக வீசுகிறார்கள். இப்படி ஆழமான தேக்கத்தில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிராகவும் பிரிந்துபோய், அடியில் ஒக்சிசன் குறைந்துவிடும். அங்கே இரை சும்மா கிடக்கும். ஓடைகள் வந்து கலக்கும் முனைகளைத் தேடுங்கள். மழைக்குப் பிறகு செந்தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் போடுங்கள். மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், நேற்று நின்ற கரை இன்று சேறு. இறங்கி நிற்கவே வேண்டாம். கீழே ரந்தெம்பே அணைக்குப் பின்னால் ஆற்றுக்குள் நிற்பது உயிரோடு விளையாட்டு, எந்த நேரமும் தண்ணீர் திறப்பார்கள்.

சுங்கானுக்கு இவ்வளவு பெரிய தண்ணீர் தேவையில்லை. காற்றையும் சுவாசிக்கும் மீன் அது, வயல் வாய்க்கால் சேற்றிலும் உயிர் வாழும். சின்னக் கொக்கி, மண்புழு போதும். ஆனால் பக்கத்துச் செட்டை முள்ளில் விஷம் உண்டு. வெறுங்கையால் பிடிக்காதீர்கள், சாக்குத்துண்டும் குறடும் வைத்திருங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரை பற்றி ஒன்று. வாளைக்குத் தவளையை உயிரோடு கொக்கியில் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. செத்த சின்ன மீனும் கோழிக்குடலும் அதே வேலையைச் செய்யும். தவளை நமக்குத் தேவையே இல்லை.

இனி, இந்தப் பதிவை எழுதவே காரணமான விஷயம். மாரி மழையில் குளம் நிரம்பி வான் பாயும்போது வாளை முட்டையிட மேட்டுத் தண்ணீருக்கு ஏறி வரும். வயிறு நிறைய முட்டையோடு முழங்கால் தண்ணீரில் வரும் மீனைப் பிடிக்கத் தூண்டிலே வேண்டாம், கத்தியும் பொல்லும் போதும். பிடித்துவிட்டுப் படமும் போடுகிறோம். உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ளவற்றில் சேர்ந்துவிட்ட மீன் இது. மேலேயிருந்து இறங்கிப் போகிற நமக்கு அது ஒரு நாள் பொழுதுபோக்கு. குளத்தடியில் ஓரு வைத்திருப்பவருக்கு அது வீட்டுச் சோறு. குளத்துக்குக் குளம் தூண்டிலை மாற்றத் தெரிந்தவனுக்கு, தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டிய நாளும் தெரிந்திருக்க வேண்டும். வான் பாயும் நாட்களில் நாங்கள் போவதில்லை. மற்ற நாட்களில் முட்டை வயிறோடு வந்தால் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுகிறோம்.

திருப்பி விடக்கூடாத மீசை மீன் ஒன்றும் உண்டு. கண்ணாடித் தொட்டியிலிருந்து ஆற்றுக்கு வந்த 'டேங் கிளீனர்'. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பெருகிவிட்டது. நமது நாட்டு மீனே இல்லை, வலையையும் நாசமாக்குகிறது. அது மாட்டினால் தண்ணீருக்குள் போடாதீர்கள். வீட்டில் வளர்ப்பவர்கள் பிள்ளைகள் அழுதாலும் ஓயாவில் கொண்டுபோய் விடாதீர்கள்.

டிசம்பர் லீவில் மஹியங்கனைப் பக்கம் இறங்குகிற பதுளை, பசறை, ஹாலிஎல நண்பர்கள் முதலில் வானைப் பாருங்கள். வான் பாய்ந்தால் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டுத் திரும்புங்கள். மீன் ஏறட்டும். மார்ச்சில் போவோம், இன்ஷா அல்லாஹ்.